உம் கொட்ட இடமில்லாத புத்தகங்கள்

சின்னக் குழந்தைகளுக்கான படப்புத்தகத்தின் மொழி எப்படி இருக்க வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடே கிடையாது. பதிப்பாளரைக் கேட்டாலும், ஆசிரியரைக் கேட்டாலும், புத்தகக் காட்சியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெற்றோரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும். சொல் எளிதாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. பேச்சுவழக்கு கூடாது, வட்டார வாடை அடிக்கவே கூடாது. எந்த நாட்டில் பிறந்தாலும் குழந்தை குழந்தைதான். ஆகவே ஆங்கிலத்தில் நன்றாக வந்த படப்புத்தகத்தைப் பிழையில்லாத தமிழில் கொண்டுவந்துவிட்டால் நம் குழந்தைக்கும் அதே இன்பம் கிடைத்துவிடும்.

இந்தக் கருத்தை நான் முழுதாக மறுக்கிறேன். கொஞ்சம் திருத்திக்கொண்டால் போதும் என்று சமாதானமாகப் போக எனக்கு விருப்பமில்லை. மூன்று வயதுக் குழந்தையிடம் எதை எப்படிச் சொல்வது என்பது ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி மாறுகிற விஷயம். ஒரு மொழிக்காரர்களின் வீட்டுப் பழக்கத்தை எடுத்து உலகப் பொதுவிதி ஆக்கிக்கொண்டு, அதற்குத் தோதாகத் தமிழை வெட்டிக்கொண்டிருக்கிறோம். வெட்டும்போது கீழே விழுகிறவை எவை என்று பார்த்தால் வயிறு எரிகிறது. குழந்தையிடம் பேசுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் பக்குவப்பட்டு வந்த பேச்சுமுறைகள்தான் அப்படி விழுகின்றன.

எண்ணி எடுத்த எளிய சொற்கள் என்ற விதி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 1954இல் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழில் எழுத்தாளர் ஜான் ஹெர்ஸி ஒரு கட்டுரை எழுதினார். பள்ளிப் பிள்ளைகள் படிக்கத் திணறுவதற்கு, அவர்களுக்குக் கொடுக்கப்படும் ஆரம்பப் பாடநூல்கள் சாரமற்றுக் கிடப்பதும் ஒரு காரணம் என்று அதில் வாதிட்டார். அதைத் தொடர்ந்து ஒரு பதிப்பாளர், டாக்டர் சூஸ் என்ற பெயரில் எழுதிவந்த தியடோர் கைசலிடம் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இதற்குள் நின்றுகொண்டு ஒரு கதை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். 1957இல் ‘தி கேட் இன் தி ஹாட்’ வந்தது. அதில் இருப்பவை மொத்தமே 236 வெவ்வேறு சொற்கள். 1960இல் ‘க்ரீன் எக்ஸ் அண்ட் ஹாம்’ வந்தது, வெறும் 50 சொற்களில். இரண்டும் அருமையான புத்தகங்கள்.

ஆனால் அந்தப் பட்டியல் ஏன் தேவைப்பட்டது? ஆங்கில எழுத்துமுறையால்தான். ஓ, யு, ஜி, ஹெச் என்ற அதே நான்கு எழுத்து ‘டஃப்’ என்ற சொல்லில் ‘அஃப்’ என்று ஒலிக்கிறது, ‘த்ரூ’ என்ற சொல்லில் ‘ஊ’ என்று, ‘தோ’ என்ற சொல்லில் ‘ஓ’ என்று ஒலிக்கிறது. பல சொற்களை அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாது, முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். முகங்கள் குறைவாக இருந்தால் அதற்கு நல்லது. தமிழ்ப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை கிடையாது. உயிர்மெய் வரிசை பிடிபட்டுவிட்டால் ‘கிடுகிடுவென்று’ என்ற நீண்ட சொல்லையும் அது படித்துவிடும். ‘க’ எங்கே வன்மையாக ஒலிக்கும், எங்கே மெலிந்து ஒலிக்கும் என்பதை அதன் காதே சொல்லிக்கொடுத்துவிடும். நமக்கு இல்லாத நோய்க்கு அவர்கள் உண்ட மருந்தை நாமும் உண்டுகொண்டிருக்கிறோம்.

இன்னொரு குழப்பமும் இதில் இருக்கிறது. சூஸின் அந்த இரண்டு புத்தகங்களும் ஆறேழு வயதுப் பிள்ளை தானாகப் படித்துப் பழகுவதற்கு எழுதப்பட்டவை. இரண்டு வயதுப் பிள்ளை மடியில் உட்கார்ந்து காதால் கேட்கிற புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மடிப்புத்தகங்களின் சங்கதியே வேறு. பியட்ரிக்ஸ் பாட்டர் 1909இல் எழுதிய முயல்குட்டிக் கதையில், லெட்டூஸ் கீரையை அளவுக்கு மீறித் தின்றால் தூக்கம் வரும் என்பதைச் சொல்ல அன்றாடப் பேச்சில் அரிதாகவே வருகிற ஒரு லத்தீன்வழிச் சொல்லைப் போட்டார். ஆங்கிலக் குழந்தைகள் அதை நூறு ஆண்டுகளுக்கு மேலாக ரசித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2015இல் ஜெஸிகா மோன்டாக்கும் அவருடைய சகாக்களும் நூறு ஆங்கிலப் படப்புத்தகங்களை எடுத்து, பெரியவர்கள் குழந்தைகளிடம் பேசுகிற பேச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அன்றாடப் பேச்சைவிடப் படப்புத்தகத்தில்தான் வெவ்வேறு சொற்கள் அதிகம் என்று தெரியவந்தது. ஆங்கிலப் படப்புத்தகம் எளிய சொற்களால் ஆனது என்று நம்பித் தமிழை இளைக்க வைக்கிறவர்கள் அந்த ஆங்கிலத்தையே சரியாகப் பார்க்கவில்லை.

சரி, குழந்தை எங்கும் குழந்தைதானே என்ற வாதத்துக்கு வருவோம். ஆன் ஃபெர்னால்ட், ஹிரோமி மொரிகாவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கத் தாய்மாரிடமும் ஜப்பானியத் தாய்மாரிடமும் நாய், பன்றி, கார் என்று ஒரே மாதிரிப் பொம்மைகளைக் கொடுத்து, கைக்குழந்தையோடு விளையாடச் சொன்னார்கள். அமெரிக்கத் தாய் பெரும்பாலும் பொருளின் பெயரைச் சொன்னாள். இது கார், காரைப் பார், அதன் சக்கரம் எவ்வளவு அழகு என்ற போக்கில் பேசினாள். ஜப்பானியத் தாய்க்குக் காரின் பெயர் அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அது ஓடுகிற ஓசையை எழுப்பினாள், குழந்தையிடம் கொடுத்தாள், திரும்ப வாங்கினாள், வாங்கியதும் நன்றி சொன்னாள். அவளைப் பொறுத்தவரை பொம்மை இரண்டு பேருக்கு நடுவே போய்வருகிற ஒரு பண்டம்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? ஒரு வயதுப் பிள்ளையின் முன்னால் பொம்மைக் காரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டியையும் கவனியுங்கள். “டுர்ர்ர்ர்... எங்க போறீங்க சாமி? ஊருக்கா? தாத்தாவப் பாக்கப் போறீங்களா? பாட்டியக் கூட்டிட்டுப் போமாட்டீங்களா? பாட்டிக்குக் குடு... ஆங், சமத்து!” இதில் ‘கார்’ என்ற பெயர் வரவே இல்லை. ஓசை வருகிறது, போக்குவரத்து வருகிறது, உறவு வருகிறது, கொடுக்கல் வாங்கல் வருகிறது, கொஞ்சலுக்காக மரியாதைப் பன்மை வருகிறது. இப்படிப் பேசிப் பழகிய பிள்ளைக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் முதல் புத்தகம் எது? பக்கத்துக்கு ஒரு படம், படத்தின் கீழே ஒரு பெயர். பந்து. கார். பூனை. ஆப்பிள். பெயர் சொல்வதுதான் மொழியின் தொடக்கம் என்று எண்ணும் பண்பாட்டுக்கு அந்த வடிவம் இயல்பாகப் பொருந்துகிறது. நம் வீட்டுப் பேச்சு அந்த வழியில் போகிற பேச்சு இல்லை.

ஜப்பானியர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 1956இல் ஃபுகுயின்கன் பதிப்பகம் ‘கோதோமோ நோ தோமோ’ என்ற மாதாந்திரப் படப்புத்தக வரிசையைத் தொடங்கியது. அதன் ஆசிரியர் மட்சுய் தாதாஷி ஆயுள் முழுக்க வலியுறுத்திய ஒரு கருத்து உண்டு. படப்புத்தகம் குழந்தை தானாகப் படிப்பதற்காகச் செய்யப்படுவதில்லை, பெரியவர் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதற்காகச் செய்யப்படுவது என்றார் அவர். காதில் விழுகிற மொழியே அதன் மொழி என்று முடிவாகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். 1977இல் கவிஞர் தனிகாவா ஷுன்தாரோவும் ஓவியர் மோதோநாகா சதாமாசாவும் சேர்ந்து ‘மோகோ மோகோமோகோ’ என்றொரு புத்தகம் செய்தார்கள். அதில் கதை கிடையாது. பெயர் சொல்லக்கூடிய பொருளும் கிடையாது. நிலத்திலிருந்து ஏதோ ஒன்று புடைத்து எழுகிறது, வளர்கிறது, இன்னொன்றை விழுங்குகிறது, உப்புகிறது, வெடிக்கிறது. பக்கத்துக்கு ஓரிரு ஒலிக்குறிப்புச் சொற்கள், அவ்வளவுதான். நம் ஊர்ப் புத்தகத் தேர்வுக் குழு ஒன்றின் முன்னால் இதை வைத்தால், இதில் பிள்ளை கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். ஜப்பானில் அது தலைமுறை தாண்டி வாசிக்கப்படுகிறது.

பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும் என்பதற்கு ஆய்வு வழியாகவே பதில் இருக்கிறது. இமாய் முட்சுமி, கிதா சோதாரோ ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு விதமான நடைகளுக்குப் புதிதாக வினைச்சொற்களைப் புனைந்து மூன்று வயது ஜப்பானியக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நடையின் சாயல் ஓசையிலேயே தெரிகிற சொற்களைக் கேட்ட குழந்தைகள், வேறொருவர் அதே மாதிரி நடந்தபோதும் அந்தச் சொல்லைச் சரியாகப் பொருத்தினார்கள். ஓசைக்கும் நடைக்கும் ஒட்டுறவு இல்லாத சொற்களைக் கேட்டவர்களால் அப்படிப் பொருத்த முடியவில்லை. பிற்பாடு ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடமும் அதே சொற்களைச் சோதித்தபோது அவர்களுக்கும் ஓசை கைகொடுத்தது. பெயர்ச்சொல்லைச் சுட்டிக் காட்டிவிடலாம். வினை கண்முன் நடந்து மறைந்துவிடும், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். ஒலிக்குறிப்பு அந்தக் கைப்பிடி.

நம்மிடம் அந்தச் செல்வத்துக்கா பஞ்சம்? தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே இரட்டைக்கிளவிக்கு விதி வகுத்துவிட்டார். மொழியியலாளர் மரே எமனோ 1969இல் இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதி, குடும்ப எல்லைகளைத் தாண்டி இந்த நிலப்பரப்பு முழுக்கப் பரவியிருக்கும் பொதுக்கூறுகளில் ஒன்றாக அதைக் காட்டினார். நம் அடுப்படிக்குள் ஒரு காலை நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் போதும். கடுகு படபடவென்று பொரிகிறது. தோசைக்கல்லில் மாவு சொய்யென்று விழுகிறது. குழம்பு தளதளவென்று கொதிக்கிறது. குக்கர் உஸ்ஸென்று சீறுகிறது. மழைக்கு மட்டும் எத்தனை! பொசபொசவென்று தூறுவது ஒரு மழை, சடசடவென்று ஓட்டில் இறங்குவது வேறு மழை, சோவென்று கொட்டுவது மற்றொன்று, நாளெல்லாம் நசநசவென்று பிடித்துக்கொண்டு எரிச்சலூட்டுவது இன்னொன்று. நம் மழைப் புத்தகங்களில் அச்சாகியிருக்கும் வரி ‘மழை பெய்தது’ என்பதுதான். அந்த வரியில் எந்த மழையும் பெய்யவில்லை.

இந்த இழப்புக்கு அச்சுத் தொழிலிலும் ஒரு காரணம் உண்டு, வெளியே பலருக்குத் தெரியாது. வண்ணப் படப்புத்தகத்தைப் பல மொழிகளில் சேர்த்து அச்சிடும்போது படங்களுக்கான தகடுகள் எல்லா மொழிக்கும் பொதுவாக இருக்கும். எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருப்பதால் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றிக்கொள்வார்கள். செலவு வெகுவாகக் குறையும். ஆனால் பக்கத்தில் எழுத்துக்கென்று விடப்பட்ட இடம் மூலமொழியின் நீளத்தைப் பார்த்து விடப்பட்டது. தமிழ்ச் சொல் நீளமானது, அந்த இடத்துக்குள் அடங்காது. ஏதாவது ஒன்றைக் குறைத்தாக வேண்டும். கதைக்குத் தேவை இல்லை என்று தோன்றுவது முதலில் போகும். ‘மெத்துமெத்தென்று’ போய்விடும், ‘நடந்தது’ மிஞ்சும். எளிமை என்ற பெயரில் நாம் பாராட்டுவதில் ஒரு பங்கு இந்த இடநெருக்கடிதான்.

எனக்கு மிக அதிகமாக வலிப்பது வேறொன்று. தமிழில் கதை சொல்கிறவர் எப்படிச் சொல்வார்? “ஒரு ஊர்ல ஒரு பாட்டி இருந்தாங்களாம். அவங்க வடை சுட்டு வித்தாங்களாம். அப்ப ஒரு காக்கா வந்துச்சாம்.” ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அந்த ‘ஆம்’ வரும். அந்த இடத்தில் சொல்கிறவர் ஒரு நொடி நிற்பார். கேட்கிற பிள்ளை ‘உம்’ என்று சொல்லும். அடுத்த வாக்கியம் அதற்குப் பிறகுதான். உம் கொட்ட ஆள் இல்லாமல் நம் வீட்டில் யாரும் கதை சொன்னதில்லை. பிள்ளையின் ‘உம்’ வேகமாக வந்தால் கதை ஓடும். இழுத்து வந்தால் தூக்கம் வந்துவிட்டது என்று தெரியும். குரல் மாறி வந்தால் பயந்துவிட்டது என்று தெரியும், பூதத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம். பேசத் தெரியாத பிள்ளைகூட இந்த ஓர் ஒலியைக் கொண்டு கதையில் பங்குதாரர் ஆகிவிடுகிறது.

அந்த ‘ஆம்’ இன்னொரு வேலையும் செய்கிறது. இது என் கண்ணால் கண்டதில்லை, எனக்கு முன்னால் யாரோ சொல்லி வந்தது என்று அது அறிவித்துவிடுகிறது. காக்கா பேசுமா, நரி ஏமாற்றுமா என்ற வழக்கு எழாமல் பிள்ளையைக் கதைக்குள் இறக்கிவிடுகிறது. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே வினைமுற்றில் சொல்ல ஒரு விகுதி நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. எனவே ஆங்கிலப் படப்புத்தகம் நேரடியான இறந்தகாலத்தில் கதை சொல்கிறது, அதற்கு வேறு வழியும் கிடையாது. நாமும் அதைப் பார்த்து ‘ஒரு ஊரில் ஒரு பாட்டி இருந்தாள். அவள் வடை சுட்டு விற்றாள்’ என்று அச்சடிக்கிறோம். செய்தித்தாளில் வருகிற தகவல் மாதிரி அது போய்விடுகிறது. பிள்ளைக்கு உம் கொட்ட அதில் இடமே இல்லை. நான் ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்த கதையில் இருந்த ‘ஆம்’ அத்தனையும் மெய்ப்புத் திருத்தும்போது நீக்கப்பட்டிருந்தன. கேட்டபோது, ‘இருந்தாளாம்’ என்று எழுதினால் எழுதியவருக்கே நிச்சயமில்லாதது போலத் தெரிகிறது என்றார்கள். கதை மரபின் முதுகெலும்பு அவர்கள் கண்ணுக்கு எழுத்தாளரின் தயக்கமாகத் தெரிந்திருக்கிறது. அங்கே இருந்த எவரும் கெட்ட எண்ணத்தில் அதைச் செய்யவில்லை, நல்ல தமிழ் அதுதான் என்று உண்மையாகவே நம்பிச் செய்தார்கள்.

அங்கன்வாடிகளில் வாசிக்கிறவர்களைக் கவனித்தால் இன்னொன்று புலப்படும். புத்தகத்தில் ‘பூனைக்குட்டி மெதுவாக நடந்து சென்றது’ என்று இருக்கும். டீச்சர் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, “பூனைக்குட்டி மெத்துமெத்துன்னு நடந்து போச்சாம். எங்க போச்சாம்?” என்பார். யாரும் அவருக்கு அப்படி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று வயது முகங்கள் அவரை அப்படிச் சொல்ல வைக்கின்றன. எந்தக் குறிப்பும் இல்லாமல் அவர் அந்தப் புத்தகத்தை மறுபடி ஒருமுறை மொழிபெயர்க்கிறார். அச்சில் இருப்பது வாய்க்கு வரவில்லை என்றால் குறை வாயில் இல்லை. இப்படி வாசிக்கத் தெரிந்தவர் கையில் புத்தகம் பிழைத்துக்கொள்கிறது. அச்சில் உள்ளதை உள்ளபடியே வாசிக்க வேண்டும் என்று நம்புகிற இளம் பெற்றோரின் கையில் அது செத்துப்போகிறது.

மரியாதையையும் கொஞ்சலையும் பாருங்கள். ஆங்கில வீட்டில் ‘ப்ளீஸ்’, ‘தேங்க்யூ’ இரண்டும் பிள்ளை வளர்ப்பின் மையத்தில் இருப்பவை. அவர்களுடைய படப்புத்தகங்களில் கரடிக்குட்டிகளும் முயல்குட்டிகளும் அதைத்தான் சொல்லக் கற்றுக்கொள்கின்றன. அந்த மொழியில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. மரியாதையைக் காட்டத் தனியாக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நமக்கு மரியாதை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘தா’ என்பதை ‘தாயேன்’ என்று நீட்டினால் கெஞ்சல், ‘தர்றீங்களா’ என்று திருப்பினால் பணிவு, அதற்கு முன்னால் ஒரு ‘அண்ணா’வோ ‘அத்தை’யோ சேர்ந்தால் உரிமை. நம் மொழிபெயர்ப்புகளில் கரடிக்குட்டி தன் அம்மாவிடம் ‘தயவுசெய்து எனக்குத் தேன் கொடுங்கள்’ என்கிறது. வாங்கிக்கொண்டு ‘நன்றி அம்மா’ என்கிறது. பெற்ற தாயிடம் ‘தயவுசெய்து’ என்று சொல்கிற பிள்ளையை அந்தப் புத்தகத்தைக் கேட்கிற பிள்ளை எங்கே பார்த்திருக்கும்? அம்மாவை ‘நீ’ என்றும் அப்பாவை ‘நீங்க’ என்றும் அழைக்கிற வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் பெற்றோர் பிள்ளையையே ‘நீங்கள்’ என்று அழைப்பார்கள், அதில் எவ்வளவு வாஞ்சை இருக்கும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். விலங்குகளும் நம் கதைகளில் உறவுமுறையோடுதான் உலவுகின்றன. நரியார் என்றும் கரடி மாமா என்றும் காக்கா அண்ணே என்றும் கூப்பிட்டுக்கொள்கின்றன. அச்சில் அவை வெறும் ‘அது’ ஆகி, ஒன்றையொன்று ‘நண்பா’ என்று அழைத்துக்கொள்கின்றன.

மைக்கேல் ரோஸனும் ஹெலன் ஆக்ஸன்பரியும் செய்த கரடிவேட்டைப் புத்தகம் 1989இல் வந்தது. ஒரு குடும்பம் புல்லையும் ஆற்றையும் சேற்றையும் கடந்து கரடியைத் தேடிப் போகிறது. ஆங்கிலத்தின் ‘வீ’ ஒன்றே ஒன்று. அதைத் தமிழில் சொல்ல வருகிறவர் ‘நாங்க’ என்பாரா, ‘நாம’ என்பாரா? ‘நாங்க’ என்றால் மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடும். ‘நாம’ என்றால் அதுவும் சேற்றில் இறங்கிவிடும். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டு போகிற வசதி ஆங்கிலக்காரருக்குத் தம் மொழியில் கிடையாது, நமக்கு உண்டு. குழந்தைப் புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய வரம் எது?

மொழிபெயர்ப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு ஜப்பானிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பெரிய டர்னிப் கிழங்கைத் தாத்தாவும் பாட்டியும் பேத்தியும் நாயும் பூனையும் எலியும் சேர்ந்து பிடுங்குகிற ருஷ்ய நாட்டுப்புறக் கதையை உச்சிதா ரிசாகோ ஜப்பானிய மொழியில் தந்தார். சாத்தோ சூர்யோவின் படங்களோடு 1962இல் அது வந்தது. இழுக்கிற ஒவ்வொரு முறையும், பாரம் தூக்கும்போது ஜப்பானிய உழைப்பாளிகள் போடுகிற கூவலை அவர் உள்ளே வைத்தார். கேட்கிற குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து அந்தக் கூவலைப் போட்டு இழுக்கிறார்கள். அதே கதையைத் தமிழில் சொல்ல நேர்ந்தால் நமக்கு ‘ஏலேலோ ஐலசா’ இருக்கிறது. வலை இழுக்கிற கரையிலும் தேர் இழுக்கிற வீதியிலும் விளைந்த ஓசை அது. அதை விட்டுவிட்டு, ‘அவர்கள் பலமாக இழுத்தார்கள், ஆனால் கிழங்கு வரவில்லை’ என்று எழுதிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தந்த புத்தகங்களின் தமிழ் ஏட்டுத்தமிழ்தானே, எங்களுக்கு அது இனிக்கவில்லையா என்பார்கள். இனித்தது, எனக்கும் இனித்தது. ஆனால் அதைப் படித்தபோது நமக்கு எட்டோ பத்தோ வயது. நாமே எழுத்துக்கூட்டிப் படித்தோம். அதற்கு முன்னால் பாட்டியின் வாயிலிருந்து ஆம் போட்ட கதைகள் நூற்றுக்கணக்கில் காதுக்குள் போயிருந்தன. அந்த அடித்தளத்தின் மேல்தான் ஏட்டுத்தமிழ் இனித்தது. இன்று எத்தனை வீடுகளில் பாட்டி கூட இருக்கிறார்? பாட்டி செய்ததையும் சேர்த்துச் செய்ய வேண்டிய பொறுப்பு இப்போது படப்புத்தகத்தின் மேல் விழுந்திருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பள்ளியைப் பற்றியது. நாளை பிள்ளை படிக்கப்போவது எழுத்துத்தமிழ், பேச்சுத்தமிழில் புத்தகம் கொடுத்துப் பழக்கினால் அங்கே தடுமாறும் என்கிறார்கள். இந்த வாதத்துக்கு ஆதாரமும் இல்லாமல் இல்லை. பேச்சுமொழிக்கும் எழுத்துமொழிக்கும் இடையே நம்மைப் போலவே பெரிய இடைவெளி உள்ள அரபு மொழியில், டீனா ஃபைடெல்சனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, மழலையர் பள்ளியில் இலக்கிய அரபுக் கதைகளை வாசித்துக் காட்டியது பிள்ளைகளின் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனை வளர்த்தது என்று காட்டியது. அதை நான் ஏற்கிறேன். பள்ளிக்குப் போகிற தறுவாயில், ஐந்து வயதை ஒட்டி, எழுத்துத்தமிழ் காதில் விழத்தான் வேண்டும். ஆனால் அதே அரபு மொழியில் எலினோர் சாயக்-ஹதாத் 2003இல் காட்டியது என்ன? வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலிகளைப் பிரித்தறிவதும் படிப்பதும் குழந்தைகளுக்குக் கடினமாக இருந்தது. வீட்டு மொழிதான் பிள்ளை காலூன்றி நிற்கிற தரை என்பது இதிலிருந்து தெரிகிறது. இரண்டு வயதில் அந்தத் தரையை உறுதிப்படுத்துகிற புத்தகமும், ஐந்து வயதில் அடுத்த படிக்கு ஏற்றுகிற புத்தகமும் வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும். நாமோ முதல் வகையை அடியோடு விட்டுவிட்டு இரண்டாவதை இரண்டு வயதிலேயே தொடங்குகிறோம்.

சிங்கப்பூரில் இந்தப் பிரச்சினை வேறு முகத்தோடு வந்தது. தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகளுக்குள் ஆங்கிலம் புகுந்துகொண்டிருந்த நேரத்தில், பள்ளியில் கற்கிற தமிழ் வீட்டில் பேச உதவாத தமிழாக நின்றது. 2005இல் அங்கே தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. மொழியைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற அச்சம் நெருங்கி வந்த இடத்தில் பேச்சுத்தமிழ் காப்பாற்றப்பட வேண்டிய ஒன்றாகத் தெரிந்தது. சென்னையின் ஆங்கில வழிப் பள்ளிகளில் இன்று எல்கேஜி சேர்கிற பிள்ளைகளின் நிலையும் அதற்குத் தொலைவில் இல்லை.

பெரியவர்களுக்கான இலக்கியத்தில் இந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. புதுமைப்பித்தன் பாத்திரங்களை அவரவர் ஊர்ப் பேச்சில் பேச விட்டார். கரிசல் பேச்சிலேயே கதை சொன்ன கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வட்டார வழக்குக்கு அகராதியே போட்டவர் அவர். ஐம்பது வயது வாசகருக்குப் பேச்சுத்தமிழ் இலக்கியம் என்று தருகிறோம். அதைத் தவிர வேறு தமிழே தெரியாத மூன்று வயதுக் குழந்தைக்கு அது கூடாது என்று தடுக்கிறோம்.

யாருடைய பேச்சு என்பதுதான் கடைசிக் கேள்வி. நெல்லையா, கொங்கா, சென்னையா, மட்டக்களப்பா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அச்சடித்தால் கட்டுப்படி ஆகுமா என்று கேட்கிறார்கள். கறுப்புத் தகட்டை மாற்றினால் போதும் என்ற அதே தொழில்நுட்பம்தான் இதற்கும் பதில். கன்னடத்துக்கும் மராத்திக்கும் மாற்ற முடிகிற தகட்டை யாழ்ப்பாணத்துக்கும் கோவைக்கும் மாற்ற முடியாதா? அச்சே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படப்புத்தகங்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் புது உரை எழுதி வெளியிடலாம். ஒரே பூனைக்குட்டிப் படத்தின் கீழே, ‘மெத்துமெத்தெண்டு நடந்து போச்சுதாம்’ என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும், ‘மெத்துமெத்துன்னு நடந்து போச்சுங்களாம்’ என்று பொள்ளாச்சிக்காரர் ஒருவரும் எழுதுவதற்கு இன்று ஒரு கணினியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். எழுதியதை வெளியிடும் முன் ஒரு மூன்று வயதுப் பிள்ளையிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அது எந்த வரியில் உம் கொட்டவில்லையோ அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.